சிங்கப்பூரில் பெரிய தாத்தாவின் பெயரைத் தேடி

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி மாத மகாளய அமாவாசையன்று எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. தந்தை வழி, தாய் வழி முன்னோர்களின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்து முடிக்கும் வேளையில், என் தாயார் அருகில் வந்து நின்று, "சிங்கப்பூர்ப் பெரியப்பாவை விட்டுவிடாதே அப்பா" என்று நினைவூட்டுவார். காருண்ய பித்ருக்கள் என்னும் வரிசையில் அந்தப் பெயரையும் சொல்லி ஒரு கை நீர் விடுவேன். முன்பு என் தாய்வழிப் பாட்டனார் தம் தமையனாருக்காகச் செய்துவந்த கடமை அது. அவர் மறைவுக்குப் பின் என் கைக்கு வந்தது.

மறைந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் நீர்க்கடன் செலுத்துவது நம் முன்னோர் வகுத்த வழி. எங்கள் பெரிய தாத்தாவுக்கு மறைந்த திதியும் தெரியாது, இடமும் தெரியாது. வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இருபது வயதில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர் அவர். மணமாகாதவர். 1941ஆம் ஆண்டு மலாயாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன் பின் கடிதம் இல்லை. காணாமற்போனார் என்று ஒரு தாள் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று இன்னொரு தாள் வந்தது. பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒருவர் போர் முடிந்து திரும்பியபோது, சிங்கப்பூரில் சிறைப்பட்ட வீரர்களின் கூட்டத்தில் அவரைப் பார்த்ததாகவும், நேதாஜியின் படையில் சேர்ந்திருக்கக்கூடும் என்றும் சொன்னாராம். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அவருடைய தாயார் தம் இறுதிக் காலம் வரை வாசல் மாடத்து விளக்கை அணையவிடாமல் காத்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூருக்குப் போக வேண்டுமென்று கேட்டபோது, எழுபத்து நான்கு வயதான அம்மா, "நானும் வருகிறேன். பெரியப்பாவின் பெயர் அங்கே எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார். உறவினர் சிலர் தயங்கினர். கோயில்களைத் தரிசிக்கப் போகும் பயணத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையலாமா, தீட்டல்லவா என்பது அவர்கள் கேள்வி. எங்களூர்க் கோயில் குருக்களிடம் அம்மாவே சென்று கேட்டார். "பித்ரு காரியத்தை நினைத்துத்தானே போகிறீர்கள்? போய்விட்டு வந்து நீராடுங்கள். பிறகு பெருமாளைச் சேவியுங்கள்" என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது.

குண்டு மழையில் அடைக்கலம் தந்த அன்னை

சிங்கப்பூரில் நாங்கள் முதலில் வணங்கியது சிராங்கூன் சாலையில் எழுந்தருளியிருக்கும் அன்னை ஸ்ரீ வீரமாகாளியம்மனை. சாலையெங்கும் பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்த அந்தப் பகுதியில் நடக்கையில், நம்மூர்க் கோயில் வீதி ஒன்றில் நடப்பது போலவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடல் கடந்து உழைக்க வந்தவர்கள் எழுப்பிய ஆலயம் இது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் சிங்கப்பூர் மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசின. அடுத்து வந்த வாரங்களில் சங்கொலி எழும்போதெல்லாம், சுற்றுப்புறத்து மக்கள் பலர் இந்த அம்மன் சந்நிதியிலும், இதே சாலையில் சற்றுத் தொலைவில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலும் அடைக்கலம் புகுந்தனர். இரண்டு ஆலயங்களும் குண்டுவீச்சுக்குத் தப்பி நின்றன. ஓட இடமற்ற நாளில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு மக்கள் அமர்ந்திருந்த மண்டபத்தில் நாங்களும் சிறிது நேரம் அமர்ந்தோம்.

பெருமாள் கோயிலுக்கு அருகில் ஃபேரர் பார்க் என்னும் திடல் உள்ளது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஏறத்தாழ 40,000 இந்திய வீரர்கள் இங்கே கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் முன் கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அது. பலர் அதில் சேர்ந்தனர். தாம் முன்பு எடுத்த உறுதிமொழியை மீற மனமின்றிச் சிறையிலேயே இருந்தவர்களும் பலர். பக்கத்து ஊர்க்காரர் பெரிய தாத்தாவைக் கண்டதாகச் சொன்னது இந்தத் திடலாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணினோம். அம்மா அதன் ஓரத்தில் வெகுநேரம் நின்றார்.

பெயர் மாறிய தீவு

மறுநாள் பிள்ளைகளின் விருப்பப்படி செந்தோசா தீவுக்குச் சென்றோம். கேளிக்கைகளுக்குப் பெயர் பெற்ற இத்தீவின் மேற்கு முனையில் ஃபோர்ட் சிலோசோ என்னும் பழைய கோட்டை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் துறைமுகத்தைக் காக்கக் கட்டியது. பீரங்கிகளும், நிலத்தடிச் சுரங்க வழிகளும், வெடிமருந்து அறைகளும் இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றன.

சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கி நின்றன, அதனால்தான் தீவு வீழ்ந்தது என்று சொல்வதுண்டு. உண்மையில் பல பீரங்கிகளை நிலத்தின் பக்கம் திருப்ப முடிந்தது. ஆனால் அவற்றுக்கு வைத்திருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நிலத்தில் பரவி வரும் காலாட்படைக்கு எதிராக அவை அதிகம் பயன்படவில்லை. பகைவரோ கடல் வழியாக வரவில்லை. மலாயாவின் வடகோடியில் இறங்கி, காட்டுப் பாதைகளிலும் சாலைகளிலும், பலர் மிதிவண்டிகளிலும் விரைந்து வந்து, 1942 பிப்ரவரி 8 இரவு ஜொகூர் நீரிணையைக் கடந்தனர். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது.

இத்தீவின் பழைய மலாய்ப் பெயர் பிளாக்கான் மாத்தி. 'பின்னால் மரணம்' என்பது அதன் பொருள். செந்தோசா என்பது பின்னர் இட்ட பெயர். நம் 'சந்தோஷம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒரே வடமொழி மூலம் என்று என் மகளுக்குச் சொன்னேன். "கோட்டைக்குள் மட்டும் பழைய பெயர்தான் பொருத்தம் அப்பா" என்றாள் அவள்.

அன்று பிற்பகல் புக்கித் தீமாவில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குச் சென்றோம். மோட்டார் கார்களைப் பூட்டுவதற்கென 1941இல் கட்டி முடித்த இந்தக் கட்டடத்தில்தான், 1942 பிப்ரவரி 15 மாலை, ஆங்கிலத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்து கையொப்பமிட்டார். அன்று சீனப் புத்தாண்டு நாள். தீவின் பெயர் சியோனான் என்று மாற்றப்பட்டது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்த கதையை இங்குள்ள காட்சிக்கூடம் சொல்கிறது.

கிராஞ்சிக் குன்று

மூன்றாம் நாள் காலை, சிராங்கூன் சாலைப் பூக்கடையில் ஒரு முழம் முல்லை வாங்கிக்கொண்டு கிராஞ்சிக்குப் புறப்பட்டோம். தீவின் வடகோடியில், நகரத்திலிருந்து 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கிராஞ்சிப் போர் நினைவிடம். போருக்கு முன் ராணுவ முகாமாக இருந்த இடம். ஜப்பானியர் ஆட்சியில் போர்க் கைதிகளின் முகாமாயிற்று. கைதிகள் தம்மோடு இருந்து மறைந்தவர்களை அடக்கம் செய்யத் தொடங்கிய சிறு நிலமே, போருக்குப் பின் இவ்வளவு பெரிய நினைவிடமாக வளர்ந்தது.

பச்சைப் புல்வெளி சரிவாக மேலேறுகிறது. இருபுறமும் ஒரே அளவில் வெண்ணிறக் கற்கள், வரிசை வரிசையாக. 4,400க்கும் மேற்பட்டோர் இங்கு நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் 850க்கும் மேற்பட்டோரின் கற்களில் பெயர் இல்லை. இன்னார் என்று இறைவன் ஒருவனே அறிவான் என்ற பொருளில் ஒரு வாசகம் மட்டும் உள்ளது. அதன் பொருளைக் கேட்டதும் அம்மா கைகூப்பினார்.

குன்றின் உச்சியில் விமானத்தின் சிறகு போன்ற கூரையும், அதைத் தாங்கும் அகன்ற தூண்களும் நிற்கின்றன. 1957 மார்ச் 2 அன்று திறந்துவைக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவுச் சின்னம் இது. கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அத்தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவர்களில் பலர் மறைந்த நாளும் தெரியாது. எனவே காணாமற்போன நாளையோ சிறைப்பட்ட காலத்தையோதான் ஆவணங்களில் குறித்திருக்கிறார்கள். திதி தெரியாதவர்களுக்கு ஒரு மகாளய அமாவாசை போல, கல்லறை தெரியாதவர்களுக்கு இந்தக் கல் என்று எனக்குத் தோன்றியது. படைப்பிரிவு வாரியாக, ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு பெயரும் வெட்டப்பட்டுள்ளது. வீரனின் பெயரைக் கல்லில் பொறித்து நட்டு வழிபட்ட நடுகல் மரபு நமக்குப் புதிதல்லவே! தொல்காப்பியம் அதன் படிநிலைகளை வரிசையாகவே சொல்கிறது.

பதிவேட்டின் துணைகொண்டு நானும் மகனும் மதராஸ் வீரர்களின் பெயர்கள் உள்ள தூணைக் கண்டுபிடித்தோம். பெரிய தாத்தாவின் பெயர் இருந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை இருந்தது. அக்காலத்தில் நம் கிராமத்து வீரர்களுக்குப் படையில் ஒற்றைப் பெயர்தான். நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு வைக்கும் பெயர் அது. பதிவேட்டில் சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும் தரப்பட்டிருந்தன. அவர்கள் வேறு ஊர்க்காரர்கள். மற்றவர்களுக்கு எண்ணும் படைப்பிரிவும் மட்டுமே. அவருடைய படை எண் எழுதிய தாள் எங்களிடம் இல்லை. எப்போதோ ஒரு வெள்ளத்தில் அது போய்விட்டது.

இவ்வளவு தூரம் வந்தும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லையே என்று நான் வருந்தினேன். அம்மா வருந்தவில்லை. என் மகளை அழைத்து, "இந்தப் பக்கத்தில் இருக்கிற பெயர்களையெல்லாம் வாசி கண்ணே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார். பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒவ்வொரு பெயராக, எழுத்துக்கூட்டி, உரக்க வாசித்தாள். ராமசாமி, முனுசாமி, சின்னப்பன், அப்துல் என்று நம் தெருவில் கேட்கும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா தலையசைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. மகள் நாவறண்டு நிறுத்தியபோது, மகன் தொடர்ந்து வாசித்தான்.

அங்கேயே, மதக் கடமைப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கென்று தனியே ஒரு நினைவுச் சின்னமும் உள்ளது. ஏறத்தாழ 800 பேர். பெரும்பாலோர் இந்தியப் படைகளைச் சேர்ந்தவர்கள். "இவர்களுக்கு அக்கினியாவது கிடைத்தது" என்று சொல்லி, முல்லைச் சரத்தில் பாதியை அங்கே வைத்தார் அம்மா. மறுபாதியை ஏற்கெனவே தூணின் அடியில் வைத்திருந்தார்.

விடுதிக்குத் திரும்பி நீராடிவிட்டு, மாலையில் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். நெய்விளக்கு ஏற்றும்போது, எத்தனை விளக்கு என்று கேட்டேன். "பேர் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவர்களுக்கு ஒன்று" என்றார்.

சாங்கியும், பெயரற்ற தமிழரும்

நான்காம் நாள் சாங்கி அருங்காட்சியகம் சென்றோம். பல்லாயிரம் போர்க் கைதிகளும் குடிமக்களும் சாங்கிப் பகுதியில் அடைபட்டிருந்தனர். கிடைத்த மரத்துண்டுகளையும் தகரத்தையும் கொண்டு கைதிகள் அங்கே சிறு தேவாலயங்கள் அமைத்து வழிபட்டார்கள். பீரங்கிக் குண்டின் பித்தளை உறையை அறுத்துச் செய்த ஒரு சிலுவை இங்கே காக்கப்படுகிறது. அழிக்கப் பிறந்த உலோகத்தை வழிபாட்டுக்கு உரியதாக்கிய அந்தக் கைகளை எண்ணி, வேற்றுச் சமயத்துப் பொருளாயினும், அம்மா அதன்முன் வணங்கினார்.

இங்கிருந்த கைதிகளில் பலரைத்தான் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுசென்றார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் பசியிலும் அவர்கள் மடிந்தனர். சிப்பாய்களுக்குப் பதிவேடு இருந்தது, படை எண் இருந்தது. அதனால் அவர்களுக்குக் கல் உண்டு. தோட்டத்திலிருந்து போன கூலிக்காரருக்குப் பதிவேடு இல்லை. அவர் விழுந்த இடத்தைக் காடு மூடிவிட்டது.

"தர்ப்பணம் முடியும்போது கடைசியாக ஒரு கை விடுவாயே, அது யாருக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டார். தாயும் தந்தையும் சுற்றமும் இல்லாமல், நீர் விட ஆளின்றிப் போன அத்தனை பேரும் திருப்தியடைய வேண்டும் என்று சொல்லி விடுவது என்றேன். சடங்கின் முடிவில் அவசரமாகச் செய்துவிட்டு எழுந்துவிடும் செயல் அது. இத்தனை ஆண்டுகளில் அது யாருக்கென்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

தண்டாயுதபாணி சந்நிதியில் நேதாஜி

கடைசி நாள் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறினோம். அதன் உள்ளே, நிலத்தடியில், பேட்டில் பாக்ஸ் எனப்படும் போர்க்கால ஆணையகம் இருக்கிறது. சரணடைவது என்ற முடிவை 1942 பிப்ரவரி 15 காலை இந்த நெருக்கமான அறைகளில்தான் எடுத்தார்கள்.

அந்தக் குன்றிலிருந்து இறங்கினால், அடிவாரத்தில் டேங்க் சாலையில் ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில். நகரத்தார் 1859இல் எழுப்பிய முருகன் ஆலயம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து சேரும் இடம் இதுவே. இக்கோயிலுக்கும் போர்க்காலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணி மகளிர் படையும் உருவாயிற்று. அவ்வாண்டு கோயில் விழாவுக்கு வருமாறு நகரத்தார் நேதாஜியை அழைத்தனர். எல்லாச் சாதியினரும் எல்லாச் சமயத்தினரும் உடன் வர அனுமதி உண்டானால் மட்டுமே வருவேன் என்று அவர் சொல்லிவிட்டார். கோயிலார் இசைந்தனர். இஸ்லாமிய அதிகாரிகளான ஆபித் ஹசனும் கியானியும் உடன் வர, நேதாஜி ஆலயத்துள் நுழைந்தார். எல்லோர் நெற்றியிலும் திலகம் இடப்பட்டது. போர்க்களத்தில் ஒன்றாய் உயிர் கொடுக்க வந்தவர்கள் முருகன் சந்நிதியிலும் ஒன்றாய் நின்றார்கள். அவர்கள் நடுவே பெரிய தாத்தாவும் நின்றிருப்பாரோ? அறிய வழியில்லை. முருகனைத் தரிசித்தபோது அந்த எண்ணம் எங்களை விட்டு நீங்கவில்லை.

அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்காவுக்குச் சென்றோம். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர் நீத்தவர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று நேதாஜி இங்கே அடிக்கல் நாட்டினார். இரண்டே மாதங்களில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அந்தச் சின்னத்தைத் தகர்த்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1995இல், சிங்கப்பூர் அரசின் மரபுடைமைக் கழகம் அவ்விடத்தில் ஒரு நினைவுப் பலகையை நிறுவியது. கிராஞ்சியில் ஆங்கிலேயர் படையில் மறைந்தோர். இங்கே அவர்களை எதிர்த்த படையில் மறைந்தோர். இரு பக்கத்திலும் நம் பிள்ளைகளே இருந்தார்கள். எங்கள் பெரிய தாத்தா எந்தப் பக்கம் நின்று மறைந்தார் என்று தெரியாததால், இரண்டு இடத்திலும் வணங்கினோம்.

பூங்காவுக்கு அருகில் வானளாவ நிற்கின்றன நான்கு வெண்தூண்கள். ஆக்கிரமிப்பின்போது மாண்ட குடிமக்களுக்கான நினைவுச் சின்னம். சூக் சிங் என்ற களையெடுப்பில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டனர். 1962இல் அவர்களின் எலும்புகள் புதைகுழிகளில் கண்டெடுக்கப்பட்ட பிறகு எழுந்தது இது. 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். அடியில் ஒன்றாய்ப் பிணைந்து உயரும் நான்கு தூண்களும் இந்த நாட்டின் நான்கு இனங்களைக் குறிக்கின்றன. கீழே, பெயர் அறியாதவர்களின் எலும்புகள் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று எல்லாச் சமயத்தினரும் இங்கே கூடி வழிபடுகின்றனர்.

செல்லும் அன்பர்களுக்கு

கிராஞ்சிக்கு வடக்கு–தெற்குத் தடத்து எம்.ஆர்.டி ரயிலில் செல்லலாம். கிராஞ்சி நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டும். கட்டணம் இல்லை. நிழல் குறைவு என்பதால் காலையில் செல்வது நல்லது. குடையும் குடிநீரும் அவசியம். உங்கள் குடும்பத்தில் எவரேனும் அப்போரில் மறைந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரை முன்னதாகவே தேடலாம். படை எண்ணும் படைப்பிரிவும் எழுதிய பழைய தாள் வீட்டில் இருந்தால், அதை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எங்களைப் போல் தவித்து நிற்க நேராது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலோ மாலையிலோ தரிசிக்கத் திட்டமிடுங்கள்.

ஊர் திரும்பியபின் வந்த மகாளய அமாவாசையன்று அம்மா வழக்கம்போல் அருகில் வந்து நின்றார். இம்முறை என் மகனும் மகளும் உடன் நின்றார்கள். பெரிய தாத்தாவின் பெயரைச் சொல்லி நீர் விட்டேன். நிறைவாக, நீர் விட ஆளில்லாதவர்களுக்கான அந்தக் கடைசிக் கை நீரை எடுத்தபோது, "மெதுவாக விடு அப்பா" என்றார் அம்மா.

மெதுவாகவே விட்டேன். அவர்கள் அனைவரும் இறைவன் திருவடி நிழலில் அமைதி பெறட்டும்.